சங்கு நின்ற பிறகு: கோவைப் பஞ்சாலைத் தொழிற்சங்கத் தலைவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்தல்

பழைய மில் தொழிலாளி ஒருவரிடம் "அந்த ஸ்ட்ரைக்கு எந்த வருசமுங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் குத்துமதிப்பான விடைதான் வரும். "அப்ப எந்த ஷிப்டுல இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஷிப்ட் வரும். கூடவே மேஸ்திரியின் பெயர், வேலை பார்த்த பிரேம் என்னும் நூற்பு இயந்திரம், வேலைக்குப் போன சைக்கிள் யாருடையது என்பதெல்லாம் வரும். 'மலைக்கள்ளன்' ஓடிக்கொண்டிருந்த சமயம் என்று நடுவில் ஒரு சொல் விழுந்தால் நமக்கு ஆண்டும் கிடைத்துவிடும்: 1954. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. உள்ளூர்க்காரருக்குக் காலண்டரைவிட அது நம்பகமான அடையாளம்.

ஆலைச் சங்கு ஊதி ஊருக்கே நேரம் சொன்ன காலத்தில் வளர்ந்த நினைவு இது. அந்தத் தலைமுறையில் சங்கம் கட்டியவர்கள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்களிடம் வேலை கற்ற அடுத்த தலைமுறைத் தலைவர்களும் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களின் நினைவைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் பதிவுசெய்வது என்பதில்தான் போதிய யோசனை இல்லை. மூத்த தலைவர் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து "உங்கள் போராட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்" என்றால் அவர் சொல்வார். நமக்குக் கிடைப்பது ஐம்பது ஆண்டுகளாக அவர் பேசிப் பழகிய ஒரு வாயிற்கூட்டப் பேச்சாக இருக்கும்.

தொழிற்சங்கத் தலைவரின் நினைவு சாதாரண முதியவரின் நினைவு போன்றதன்று. மூன்று இடங்களில் பயிற்சி பெற்ற நினைவு அது: மேடை, தலைமறைவு, பேச்சுவார்த்தை மேசை. ஒவ்வோர் இடமும் சிலவற்றை நினைவில் வைக்கக் கற்றுக்கொடுத்தது, சிலவற்றை மறக்கக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பயிற்சியைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்குத்தான் அந்த நினைவு வரலாற்றுச் சான்றாகும்.

ஏடுகள் யார் கையில்

கோவையில் ஆலைத் தொழிலின் தொடக்கம் 1888. அந்த ஆண்டு ஏற்பட்ட கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லை, அதை நிறுவிய ராபர்ட் ஸ்டேன்ஸின் பெயரால் ஸ்டேன்ஸ் மில் என்றுதான் ஊர் அழைத்தது. கரிசல் மண்ணின் பருத்தி, உள்ளூர் விவசாய மூலதனம், சுற்றுவட்டக் கிராமங்களின் கைகள் ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருந்தன. 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1933இல் தென்னிந்திய ஆலை முதலாளிகளின் சங்கமான சைமா கோவையில் தோன்றியது.

முதலாளிகளுக்குச் சங்கம் அமைந்த சில ஆண்டுகளில் தொழிலாளர் சங்கமும் வலுப்பெற்றது. அதன் முகமாக இருந்தவர் என். ஜி. ராமசாமி. 1937 தேர்தலில் தொழிலாளர் தொகுதியிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனவர். அப்போது ராஜாஜி முதல்வர், வி. வி. கிரி தொழிலாளர் அமைச்சர். ஆலைகளில் தொடர்ந்து வேலைநிறுத்தங்கள் வெடிக்க, அரசு விசாரணை மன்றம் அமைத்தது. அந்த விசாரணையில் கூலி, வேலை நேரம், மேஸ்திரிகளின் கெடுபிடி எல்லாம் பதிவாயின. என்.ஜி.ஆர். 1943இல், முப்பதை ஒட்டிய வயதிலேயே மறைந்தார். அவர் பெயரில் கோவையில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நினைவுக்குறிப்பு எழுதும் வயது அவருக்குக் கிடைக்கவில்லை.

1946 கோவைத் தொழிலாளர் வரலாற்றின் கொடிய ஆண்டு. ஜனவரி 8ஆம் நாள், கொலை வழக்கு ஒன்றில் தண்டிக்கப்பட்ட ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர், ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன், கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இயக்கம் இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துவது இவர்களுக்குத்தான். அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஸ்டேன்ஸ் மில்லில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலியானோர் 11 பேர் என்பது தொழிற்சங்க இயக்கம் சொல்லிவரும் கணக்கு. அடுத்த ஆண்டு தொழில் தீர்ப்பாயத்தின் வெங்கட்ராமய்யா தீர்ப்பு வந்து கூலிக்கும் வேலைப்பளுவுக்கும் ஒரு பொது அளவை வகுத்தது.

இந்த வரலாற்றின் ஏடுகள் இருக்கும் இடங்களைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரசாணைகள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். ஆலைகளின் கதை ஆண்டறிக்கைகளிலும் பொன்விழா மலர்களிலும். சங்கத்தின் காகிதங்கள், அதாவது தீர்மான நோட்டு, சந்தாப் புத்தகம், ஒரே நாள் உயிர்வாழும் துண்டறிக்கை ஆகியவை, தப்பியிருந்தால் யாரோ ஒருவர் வீட்டுப் பரண்மேல். சோதனைக்குப் போலீஸ் வரும் என்று தெரிந்தால் சங்கத்துக்காரர் முதலில் எரிப்பது பெயர்ப் பட்டியலைத்தான். ஆகவே, ஏட்டில் பேசுபவர்கள் முதலாளியும் அதிகாரியும் போலீசும். தொழிலாளி அங்கே சாட்சியாகவோ குற்றவாளியாகவோ வருகிறார். பிறர் கேட்டதற்கு விடை சொல்கிறார்; தாமாகப் பேசுவதில்லை.

எழுதி வைத்த தலைவர்கள் தமிழகத்தில் இல்லாமலில்லை. 1908இல் தூத்துக்குடிக் கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய வ. உ. சிதம்பரனார் தம் சுயசரிதையைச் செய்யுளில் எழுதினார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். அதே சிறையில் நால்வர் தூக்கிலேறிய 1946இல்தான் அந்தச் சுயசரிதையும் நூலாக வந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான காலத்தைத் திரு. வி. க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிந்து வைத்தார். இருவருமே எழுதிப் பழகியவர்கள். ஸ்பின்னிங்கில் சைடு (பிரேமின் ஒரு பக்கம்) பார்த்துக்கொண்டே சங்கச் செயலாளர் ஆனவருக்குப் பேனா பிடிக்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அவரிடம் இருப்பது குரல்தான்.

மேடை

கோவைத் தொழிற்சங்கத் தலைவரின் முதல் பள்ளி ஆலை வாசல். ஷிப்ட் முடிந்து ஒரு கூட்டம் வெளியே வரும், இன்னொரு கூட்டம் உள்ளே போகும். அந்த இடைவெளியில் நாற்காலி மேலோ சைக்கிள் கேரியர் மேலோ ஏறி நின்று பேச வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் புரிய வேண்டும், கோபம் வர வேண்டும், கடைசியில் சிரிக்கவும் வேண்டும். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா போன்ற பேச்சாளர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கலையை நன்றாகக் கற்றார்கள்.

இந்தப் பயிற்சி நினைவின் வடிவத்தை மாற்றுகிறது. மேடையில் 'நான்' இல்லை, 'நாம்' உண்டு. தயக்கமில்லை, முடிவு உண்டு. தோற்ற வேலைநிறுத்தம்கூட அடுத்த வெற்றிக்கு முன்னுரை ஆகிவிடும். ஒரு சம்பவத்தைப் பத்து தடவை மேடையில் சொன்னவருக்குப் பதினோராம் தடவை நினைவுக்கு வருவது சம்பவம் அன்று. பத்தாம் தடவை சொன்ன விதம். இதைப் பொய் என்று சொல்லக்கூடாது. பல கைபட்டு வழவழப்பான உலக்கை மாதிரி அது.

எனவே, பதிவாளர் முதல் நாளில் மேடைப் பேச்சை முழுவதும் பேச விட வேண்டும். இடைமறித்தால் பெரியவருக்கு மனம் நோகும். அதுவும் ஒரு சான்றுதான்: இயக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கதை. இரண்டாம் நாளில்தான் கேள்விகள் ஆலைக்குள் நுழைய வேண்டும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் யார் யார் வேலை பார்த்தார்கள்? கார்டிங்கில் யார்? தண்ணீர்ப் பானை எங்கே இருந்தது, யார் எடுத்துக் கொடுத்தார்கள்? "சங்கத்துல சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க" என்று முதல் நாள் மேடை சொன்னதை, தண்ணீர்ப் பானை பற்றிய கேள்வி மறுநாள் வேறொரு வெளிச்சத்தில் காட்டக்கூடும். பொதுவான கேள்விக்குக் கொள்கை விடையாக வரும். பொருளைச் சுட்டிக் கேட்டால்தான் வாழ்ந்த விதம் வெளிப்படும்.

அதுபோலவே ஆலையின் ஏட்டில் 'காரணமின்றி வேலைக்கு வராமை' என்று இருப்பதைத் தொழிலாளியிடம் கேட்டால் "மாரியம்மன் நோம்பிங்க" என்பார், அல்லது தோட்டத்தில் அறுப்பு என்பார். கொங்கு நாட்டு மில் தொழிலாளிகளில் பலர் கிராமத்தை விட்டு முழுதாக வந்தவர்கள் அல்லர். ஒரு கால் காட்டிலும் ஒரு கால் மில்லிலும் வைத்திருந்தவர்கள். வேலைநிறுத்தம் நீண்டபோது தாக்குப்பிடிக்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பதற்கு அந்தக் காட்டுக் கால் ஒரு விளக்கம். சொந்தமாக ஒரு துண்டு நிலம் உள்ளவர் சோளமாவது தின்னலாம். நிலமே இல்லாத குடும்பத்துக்கு இரண்டாம் வாரமே மளிகைக் கடைக் கணக்கு மூடிவிடும்.

ஊருக்கு ஒரே மேடை இருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 1947இல் ஐ.என்.டி.யு.சி., 1948இல் எச்.எம்.எஸ்., 1970இல் சி.ஐ.டி.யு. என்று சங்கங்கள் பிரிந்துகொண்டே போயின. ஒரே வேலைநிறுத்தம் ஒரு சங்கத்துக்காரர் நினைவில் வெற்றி, இன்னொருவர் நினைவில் துரோகம். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது, ஒரே பாயில் படுத்தவர்கள் இருவேறு கூட்டங்களில் பேசினார்கள். பிளவுக்கு முந்திய காலத்தை இருவரும் பின்னாளின் கண்ணால்தான் பார்க்கிறார்கள். ஒரு தலைவரைப் பதிவுசெய்தால் அவர் எதிர்ச் சங்கத்தில் மதிக்கும் ஒருவரையும் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பெயரை அவரிடமே கேட்டு வாங்கலாம்.

தலைமறைவு

இரண்டாவது பள்ளி முதல் பள்ளிக்கு நேர் எதிரானது. 1948க்குப் பிறகு சில ஆண்டுகள் கம்யூனிஸ்டுகள் தலைமறைவாக வாழ வேண்டியிருந்தது. அங்கே பாடம் ஒன்றே ஒன்றுதான்: தெரியாததைச் சொல்ல முடியாது, ஆகவே தெரிந்துகொள்ளாதே. தங்கிய வீட்டுக்காரரின் பெயர் கேட்கக் கூடாது. கடிதம் கொண்டுவந்தவரின் முகத்தை நினைவில் வைக்கக் கூடாது. சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வாழ வேண்டும்.

மேடை எதையும் உரக்கச் சொல்லப் பழக்கியது. தலைமறைவு எதையும் சொல்லாதிருக்கப் பழக்கியது. எழுபது ஆண்டு கழித்தும் அந்தப் பழக்கம் போவதில்லை. 'ஒரு தோழர் வீட்டுல' என்று சொல்லி நிறுத்திவிடுவார். இதை மறதி என்று குறித்துக்கொள்வது பிழை. அந்த வீட்டுக்காரர் சங்கத்திலேயே இல்லாத ஒரு விவசாயியாக இருக்கலாம். அவர் பேரனுக்கு அந்த விவரம் தெரியாமலும் இருக்கலாம். பெயரைக் கேட்டு நெருக்காமல், 'அந்த வீட்டுல ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்கலாம். கம்பங்களியா, அரிசிச் சோறா என்பதிலிருந்து அந்த வீட்டின் நிலை தெரிந்துவிடும், பெயர் காப்பாற்றப்பட்டுவிடும்.

இன்னொரு குறிப்பு கொங்குத் தமிழிலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பேச்சில் மரியாதை வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. 'முதலாளி வந்தாருங்க, உக்காந்தாருங்க' என்று போய்க்கொண்டிருக்கும் கதை ஓரிடத்தில் 'வந்தான், அடிச்சான்' என்று மாறும். பிறகு மீண்டும் 'சொன்னாருங்க' என்று திரும்பும். அந்த ஒரு மாற்றத்தில்தான் அவமானம் ஒளிந்திருக்கிறது. பதிவை எழுத்தாக்கும்போது எல்லாவற்றையும் ஏட்டுத் தமிழில் 'வந்தார்' என்று சீராக்கிவிட்டால் பேட்டியின் உயிர் அங்கேயே போய்விடும். அச்சுக்கு எழுதும்போது எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஆவணத்துக்கான எழுத்துப்படியில் 'ங்க' ஒன்றுகூடக் குறையக் கூடாது.

மேசை

மூன்றாவது பள்ளி தொழிலாளர் அலுவலகத்தில், ஆலை நிர்வாகத்தின் அறையில், தீர்ப்பாயத்தில் நடந்தது. மேடையில் கொள்கை பேசியவர் மேசையில் கணக்குப் பேச வேண்டும். இந்தப் பள்ளியில் தேறியவர்களின் நினைவு கூர்மையாக இருப்பது எண்களில்தான். வாழ்க்கைச் செலவுப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி எவ்வளவு ஏறும், ஒரு ஸ்பின்னர் எத்தனை சைடு பார்க்கலாம், வராதவருக்குப் பதிலாக நிற்கும் பதிலி எத்தனை நாள் வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம் என்பவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த எண்களுக்குள் மனித வாழ்க்கை இருப்பதைக் கேட்பவர் கவனிக்க வேண்டும். பஞ்சப்படி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விலைவாசி ஏறியபோது பரவலான படி அது. போர் முடிந்தது, பஞ்சம் நீங்கியது. சம்பளச் சீட்டில் அந்தச் சொல் மட்டும் நின்றுவிட்டது. போனஸ் கணக்கும் அப்படித்தான். 1965ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சப் போனஸை 4 சதவீதமாக வைத்தது. 1972இல் அது 8.33 ஆயிற்று. ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் 8.33. தொழிலாளிக்கு அது சதவீதம் அன்று, தீபாவளிக்கு வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்ற கேள்விக்கு வரும் விடைகளை வைத்தே ஒரு தலைமுறையின் குடும்பப் பொருளாதாரத்தை எழுதிவிடலாம்.

வேலை நேரத்தின் கதையும் இதே வகை. 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்துக்கு 60 மணி, 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி 54, 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி 48. ஏட்டில் இது மூன்று எண். ஆலையை விட்டு வெளியே வந்தபோது வெளிச்சம் இருந்ததா என்று கேட்டால் அது வாழ்க்கை.

மேசைப் பள்ளிக்கும் ஒரு குறை உண்டு. ஒப்பந்தத்தில் இடம்பெறாதது நினைவிலும் இடம்பெறாது. பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து வரும் பிஸினோசிஸ் என்னும் நோயை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மார்பு இறுகுவது அதன் அடையாளம். வெகுகாலம் அது கோரிக்கைப் பட்டியலில் பெரிய இடம் பெறவில்லை. தலைவரின் கதையில் வராத அந்த நோய் அவருடைய இருமலில் வரும். பேட்டியின் நடுவே மூச்சு வாங்க அவர் நிறுத்தும் இடங்களை வெட்டி எறியாதீர்கள்.

மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆலைக்குள்ளிருந்து வந்தவர்கள் அல்லர். பார்வதி கிருஷ்ணன் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். கோவைத் தொழிலாளர்கள் அவரை 1957இலும், 1974 இடைத்தேர்தலிலும், 1977இலும் மக்களவைக்கு அனுப்பினார்கள். இடையில் 1967இல் கே. ரமணி, 1971இல் கே. பாலதண்டாயுதம். செங்கொடிக்காரர்களை இத்தனை தடவை டில்லிக்கு அனுப்பிய ஊரில், வெளியிலிருந்து வந்த தலைவரும் உள்ளிருந்து வளர்ந்த தலைவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது இன்னும் சரியாக எழுதப்படாத அத்தியாயம். ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர், பிரேமின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர். இருவர் நினைவும் வேண்டும்.

தவறிப்போன தேதி

நினைவில் பிழை இருக்குமே, அதை எப்படி நம்புவது என்பது வழக்கமான மறுப்பு. இதற்கு இத்தாலியிலிருந்து ஒரு நல்ல பதில் உண்டு. அங்கே டெர்னி என்னும் எஃகுத் தொழில் நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில் போலீஸ் சுட்டு இறந்தார். நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டம் அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்நகரத் தொழிலாளர்களைப் பேட்டி கண்ட அலெஸாந்த்ரோ போர்த்தெல்லிக்கு வியப்பு காத்திருந்தது. பலர் அந்தச் சாவை 1953இல், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து தெருவில் இறங்கிய சமயத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். அவர் அதைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை. பதிலடி கொடுக்க முடியாமல் போன ஒரு சாவை, பதிலடி கொடுத்த ஒரு போராட்டத்தோடு நினைவு சேர்த்துவைத்துக்கொண்டது என்று கண்டார். தவறிய தேதிதான் அவருக்கு முதன்மையான சான்று ஆயிற்று.

கோவைக்கு இது அப்படியே பொருந்தும். 1946இன் தூக்குக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே பதினோரு மாதம். முதலாவது, ஆளுநர் ஆட்சியில் நடந்தது. அந்த ஏப்ரல் இறுதியில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை ஏற்பட்டது. வி. வி. கிரி மீண்டும் தொழிலாளர் அமைச்சர். ஆகவே, டிசம்பர்த் துப்பாக்கிச் சூடு மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியில் நடந்தது. ஆனால் அது நடந்த இடம் ஐரோப்பியர் தொடங்கிய ஆலை. 'வெள்ளைக்காரன் சுட்டான்' என்று ஒரு முதியவர் சொன்னால் அவர் ஆலையின் பெயரை வைத்துச் சொல்கிறாரா, காலத்தை மறந்து சொல்கிறாரா, கதர்ச் சட்டை அமைச்சரவையின் மேல் அந்தப் பழியைப் போட மனம் வரவில்லையா? வேறொருவர் 'சுதந்திரம் வந்தப்புறந்தானுங்க சுட்டாங்க' என்று சொல்லக்கூடும். அதுவும் தேதிப் பிழைதான். அவருக்கு ஆட்சி மாறியது 1947 ஆகஸ்டில் அல்ல, 1946 ஏப்ரலில். இரு பிழைகளும் சேர்ந்து, விடுதலையைத் தொழிலாளி எப்படி அனுபவித்தார் என்று சொல்கின்றன. எந்த அரசாணையிலும் அது கிடைக்காது.

இதற்காகவே பதிவாளர் கையில் தேதிப் பட்டியல் இருக்க வேண்டும்; பெரியவரின் வாயை அடைக்க அதை எடுத்து நீட்டக் கூடாது. ஏட்டை நன்றாகப் படித்துவிட்டுப் போய், ஏட்டை மறந்தவர் போலக் கேட்க வேண்டும்.

கருங்காலி என்ற சொல்

வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போனவரைக் கருங்காலி என்பார்கள். கோடரிக்குக் காம்பாகி மற்ற மரங்களை வெட்ட உதவுவதால் அந்தப் பெயர் என்று மேடையில் விளக்கமும் சொல்வார்கள். ஒலிப்பதிவில் அந்தச் சொல் விழும்போது பெரும்பாலும் ஒரு பெயரோடுதான் விழும். அந்தப் பெயருக்கு உரியவர் இறந்திருப்பார். அவர் பேரப்பிள்ளைகள் அதே வீதியில் இருப்பார்கள். தூக்குத் தண்டனை, சாட்சி சொன்னவர், பின்வாங்கியவர் என்று வரும்போது இந்தக் கூர்மை இன்னும் கூடும்.

ஆகவே, பதிவுக்கு முன் ஒப்புதல், பதிவுக்குப் பின் இன்னோர் ஒப்புதல் என்று இரண்டு வேண்டும். பேசியதை அவருக்கே போட்டுக் காட்டி, எந்தப் பகுதி இப்போது திறந்திருக்கலாம், எது சில ஆண்டுகள் மூடியிருக்க வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். அழித்துவிடச் சொன்னால் மட்டும் ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம்: 'பூட்டி வெக்கலாமுங்க, அழிக்க வேண்டாமுங்க.'

கருவி விஷயம் சிறிது. சுருக்காத வடிவத்தில் பதிய வேண்டும். கேட்பதற்கு மட்டும் எம்பி3. சோமனூர், பல்லடம் பக்கமென்றால் அடுத்த வீட்டு விசைத்தறி ஓயும் நேரம் பார்த்துப் போக வேண்டும். படமும் எடுத்தால் நல்லது. தறிக்கூடத்தின் இரைச்சலில் வேலை பார்த்தவர்கள் பேசியது வாயால் மட்டுமன்று, கையாலும். அறுந்த இழையை ஒட்டுவது எப்படி என்று கேட்டால் சொல்வதற்கு முன் விரல்கள் செய்து காட்டிவிடும். பிரதிகள் மூன்று: ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று சங்க அலுவலகத்துக்கு, ஒன்று பொது ஆவணகத்துக்கு. நொய்டாவில் வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் இந்தியத் தொழிலாளர் ஆவணகம் இருக்கிறது. மும்பையின் கிரண்காவ் மில் பகுதி மக்களை மீனா மேனனும் நீரா அடார்க்கரும் பேட்டி கண்டு 2004இல் நூறு குரல்களாக நூலாக்கினார்கள். கோவைக்கு அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது. அதை ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறாக மட்டும் செய்துவிட்டால் தொண்ணூற்றொன்பது குரல்களை விட்டவர்கள் ஆவோம்.

அவசரத்துக்குக் காரணம் வயது மட்டுமன்று. 1974இல் நாடெங்கும் 103 நலிந்த ஆலைகளை அரசு ஏற்றபோது கோவை ஆலைகளும் அவற்றில் இருந்தன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் (என்.டி.சி.) அந்த ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. பிறகு முழுமையாக ஓடவே இல்லை. இடம் போய்விட்டால் 'அந்தப் பிரேம் இங்கதான் இருந்துதுங்க' என்று சுட்டிக்காட்ட ஒரு மூலையும் இருக்காது. நினைவுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் தேவை. இருக்கும்போதே பெரியவரை அந்த வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பேச வைக்க வேண்டும்.

வீடு

மேடையும் தலைமறைவும் மேசையும் கற்றுத்தராத ஒன்று மிச்சமிருக்கிறது. ஆலைகளில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் பெண்கள் நிறைய இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். தலைமைக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அண்மைக் காலத்தில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய ஆலைகளில் சங்கம் நுழையவே வழியில்லாமல் போயிற்று. முந்தைய தலைமுறைப் பெண்களின் நினைவு பதிவாகியிருந்தால் இந்த மாற்றத்தை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் கிடைத்திருக்கும்.

ரீலிங்கில் நிற்காமல் வீட்டில் இருந்த பெண்களின் கணக்கு அதைவிடப் பெரியது. பதிவுக்குப் போகிறவர்கள் ஒருமுறையாவது கண்டிருக்கக்கூடிய காட்சி இது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பெரிய போராட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆண்டு, தேதி, யார் யார் மேடையில் இருந்தார்கள் என்று சரளமாக வரும். காப்பி டம்ளரோடு வரும் அம்மா கதவோரம் ஒரு நிமிடம் நிற்பார்.

"ஏனுங்க, அது அந்த வருசம் இல்லீங்க. பெரியவனுக்கு அம்மை போட்டிருந்துச்சே, அப்பத்தானுங்க."

"அதெல்லாம் இல்ல, நீ போ."

"நீங்க உள்ள இருந்தீங்க. நாந்தானுங்க தோட்ட வெச்சு ரேசன் வாங்குனேன்."

'உள்ள' என்றால் சிறை. தோடு என்ன விலைக்குப் போயிற்று, யார் அடகு பிடித்தார்கள், எந்த மாதம் மீட்டார்கள், மீட்டார்களா என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். வேலைநிறுத்தம் எத்தனை நாள் நடந்தது என்பதற்குத் தொழிலாளர் இலாகாவின் கணக்கு ஒன்று இருக்கும், சங்கத்தின் கணக்கு ஒன்று இருக்கும். அவரிடம் மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது. மளிகைக் கடன் அடைந்த நாளில்தான் அவருக்கு அந்த வேலைநிறுத்தம் முடிந்தது.

டம்ளரை வைத்துவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். பதிவாளர் பையில் இரண்டாவது மைக் இருந்தால் அடுத்த கேள்வியை அடுப்படிப் பக்கம் திருப்பலாம்: "அந்தத் தோடு திரும்ப வந்துச்சுங்களா அம்மா?"